கூரை பறந்த வருஷத்தின் நன்றி ஆராதனை

2011 கடைசியில் வந்த புயல், கடலூரில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த கிறிஸ்தவப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மரத்தடியில் உட்கார வைக்கலாம் என்றால், வளாகத்தில் நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. பள்ளியின் சர்ச்சில் வகுப்பு நடத்தலாமா என்று தாளாளரிடம் கேட்டேன்.

"பரிசுத்த ஸ்தலம் சார், பசங்க சத்தம் போடுவாங்க" என்றார்.

ஆண்டவருக்குச் சத்தம் ஆகாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா மண்டபத்தைத் திறந்துவிட்டார். பரீட்சை வரைக்கும் அங்கேதான் பாடம். பள்ளிக் கூரை போட்டபாடில்லை; அடுத்த வருஷப் பத்தாம் வகுப்புக்கும் மண்டபம்தான் என்று பேச்சு.

பள்ளி வருஷக் கடைசியில், ஏப்ரலில், நன்றி ஆராதனை. தாளாளர் கண்கலங்கிச் சாட்சி சொன்னார்: "இந்தக் கஷ்டமான வருஷத்துல நம்ம பிள்ளைங்களுக்கு நிழல் குடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

எங்கே இருந்த நிழல் என்று அவர் சொல்லவில்லை. வேலை முக்கியம் என்பதால் நாங்களும் கேட்கவில்லை; உரக்க ஆமென் சொன்னோம்.

நான் அழைத்து வந்திருந்த தர்மகர்த்தாவும் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் கைகூப்பி நின்றார். ஆமென் அடங்கியதும் என் காதருகே குனிந்தார்.

"சார், அப்படியே உங்க பள்ளிக்கூடக் கூரைக்கும் ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க. ஆடியில கூழ் ஊத்த எங்களுக்கு மண்டபம் வேணும்."