பாவறுத்த குழலி

பிள்ளையார்பாளையத்தில் போய் ஏலவார்குழலி வீடு எது என்று கேட்டால், எந்தக் குழலி என்று திருப்பிக் கேட்பார்கள். அம்மன் பேராயிற்றே, தெருவுக்கு நாலு பேருக்கு வைத்திருந்தார்கள். பாவறுத்த குழலி என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட கைநீட்டிக் காட்டிவிடும். தறியில் ஓடிக்கொண்டிருந்த முகூர்த்தப் பட்டின் பாவை, நீளவாட்டு இழைகளை, பாதியில் கத்தரித்துப் போட்டவள் என்று அதற்கு அர்த்தம். நெசவுக்காரத் தெருவில் ஒரு பெண்ணுக்கு இதைவிட மோசமான பட்டப்பெயர் இருக்க முடியாது. வைத்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவளுக்கு இருந்தது.

அவள் புருஷன் வீரபாகு சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது பெண்டாட்டியா பசுமாடா என்று தெரியாது என்பார். பெண்டாட்டியை எதிரில் வைத்துக்கொண்டே சொல்வார். ஆனால் நூலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தறிக்குழிக்குள் உட்கார்ந்து அவர் மிதிப்பார். வலப்பக்கம் குழலி உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவை எறிவாள். கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. அந்த ஒரு நாளைத் தவிர அவர் கால் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. அவர் தூக்கத்தில்கூட மிதிப்பார்.

அறுபத்தாறாம் வருஷம் இடது கண் போயிற்று. போன விதம்தான் அவளால் மறக்க முடியாதது. ஒரு நாள் நெய்துகொண்டே இருந்தவர், "பாவுல கருப்பு இழை ஏறிக்கினு இருக்குது பாரு" என்று சொல்லிக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். அவளும் குனிந்து தேடினாள். ஒன்றும் இல்லை. "உன் கண்ணு அவ்ளோதான்" என்று திட்டினார். அப்புறம் கண்ணில் தூசு என்றார். முந்தானையைச் சுருட்டி ஊதிச் சூடாக்கி ஒற்றி எடுத்தாள். கீழ்மூலையில் நிழல் விழுகிறது என்று அவர் சொன்னபோது தறியில் ஒரு முகூர்த்தப் பட்டு பாதியில் நின்றது. கல்யாணச் சேலையை நெய்ய எடுத்த கைதான் முடிக்க வேண்டும், நடுவில் விட்டால் பெண்ணுக்கு ஆகாது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு. முடித்துவிட்டே கண்ணைக் காட்டலாம் என்றார். சேலை முடிந்தது. கண்ணும் முடிந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் யேசுதாஸ் அந்தக் கண்ணுக்குள் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒரு வட்டம் வரைந்து முழுக்க நீலப் பென்சிலால் தீட்டினார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வும்மா. விழித்திரைன்னு பேரு. அதுலதான் பார்வையே. செவுத்துல ஒட்டுன காலண்டர் பேப்பர் கிழிஞ்சு, உள்ள தண்ணி எறங்கி உரிஞ்சு வருமே, அப்படி வந்துடுச்சு. ஒட்டிக்கினு இருந்தா செவப்பு, உரிஞ்சா நீலம். இதுல செவப்பே இல்ல."

கிட்டப்பார்வைக்காரர்கள் யார் வந்தாலும் அவர் இப்படி வரைந்து சேர்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கண் கிழியப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. வீரபாகுவை ஊருக்கு அனுப்பும்போது குழலியைத்தான் நிறுத்திச் சொன்னார். "இன்னொரு கண்ணுலயும் வரலாம். மின்னல் அடிக்குது, கரி பறக்குதுன்னு சொன்னா அன்னிக்கே கூட்டியாந்துடு. படுக்க வச்சு, தல ஆடாம. சேல, கல்யாணம்னு கத சொல்லக்கூடாது."

அவள் தலையை ஆட்டினாள்.

இரண்டு வருஷம் ஒற்றைக் கண்ணால் நெய்தார். முதலாளி கோதண்டபாணி கொடுத்த அரக்குப் பட்டு தறியில் இருந்தது. அதுவும் கல்யாணச் சேலைதான். உடல் முடிந்து முந்தானைதான் பாக்கி. குழலி நாடாவை எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் கை பாவின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளின. மறுபடி கிள்ளின. அங்கே ஒன்றும் இல்லை.

அவள் அவர் பக்கம் நகர்ந்தாள்.

"இன்னா பொறுக்குறீங்க?"

"பிசிறு."

"எங்க? எனக்குக் காட்டுங்க."

"நாடாவ எறிடீ."

அவள் எறியவில்லை. ஒரு நூல்கண்டை எடுத்து அவர் மூக்குக்குக் கீழே, ஓரமாக நீட்டி, "இந்தாங்க, புடிங்க" என்றாள். அவர் கை காற்றில் துழாவியது. நூல்கண்டு அவர் மூக்குக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து" என்றார். "கரி பறந்துக்கினே இருக்குது. ஓரத்துல ஒரு நெழலு. நடுவுல நல்லாத்தான் தெரியுது குழலி. முந்தானதான பாக்கி, முடிச்சுட்டுப் போய்டலாம்."

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க."

"பாதியில உட்டா அந்தப் பொண்ணு வாழ்க்க இன்னாவறது? பாவம்டீ. நாலு நாளு."

மிதியை மிதித்து, இழையை நெருக்கும் பலகையை இழுத்து ஓங்கி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலை ஒரு தரம் வெடுக்கென்று முன்னால் போய் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தலை அப்படித்தான் ஆடுகிறது, இன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் காலண்டர் தாள் இன்னும் கொஞ்சம் உரிகிறது. கெஞ்சினாள். எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். உதறினார். சேலை தறியில் இருக்கிறவரைக்கும் இந்த மனுஷன் குழியை விட்டு ஏறமாட்டார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து, நெய்த இடத்துக்கு அப்பால் பாவில் குறுக்கே வைத்து வெட்டினாள். விறைப்பாக நின்ற பட்டிழைகள் துள்ளிச் சுருண்டு பின்னால் போயின. அவள் நிறுத்தாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெட்டினாள். யார் வீட்டுப் பெண்ணோ, அம்மா காமாட்சி, அவளை ஒன்றும் செய்துவிடாதே, செய்வதாக இருந்தால் என்னைச் செய் என்று வாய்விட்டே சொன்னாள்.

வீரபாகு அவளை அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே இன்னா வேல உனக்கு அங்க?" என்றாள். அவரை அவள் ஒருமையில் பேசியது அந்த ஒரு தரம்தான். "ஏறி வா."

ஏறி வந்தார்.

மெட்ராஸ் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர்களைக் கும்பிட்டு எழுப்பி, அவரைப் படுக்க வைத்துத் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "நெழலு ஏறுதா?" என்று கேட்டாள். இல்லை இல்லை என்றார். பூந்தமல்லி தாண்டியபோது பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

டாக்டர் பார்த்தார், வரைந்தார். மேல்பக்கம் நீலம்; கண்ணுக்குள் மேலே உரிந்தால் நிழல் கீழே விழுமாம். நீலம் இறங்கி வந்து நட்டநடுவுக்கு ஒரு விரல் மேலே நின்றது. மிச்சமெல்லாம் சிவப்பு. "நடுவு உரியறதுக்குள்ள வந்துட்டம்மா" என்று சொல்லிக்கொண்டே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். கிழிசலின் ஓரத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து, கண்ணுக்கு வெளியே ஒரு பட்டை தைத்து அழுத்தினார்கள். ஒட்டுமா என்று கேட்டாள். அசையாமல் படுத்திருந்தால் ஒட்டலாம் என்றார். ஒட்டும் என்று சொல்லவில்லை.

இரண்டு கண்ணையும் கட்டினார்கள். செத்த கண் அசைந்தாலும் இது கூடவே அசையுமாம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை. அவரும் மரம்மாதிரிதான் கிடந்தார், கண் அயரும்வரை. அயர்ந்ததும் கால் மிதிக்க ஆரம்பித்தது. வலது, இடது, வலது. காலோடு சேர்ந்து தலை முன்னால் வெட்டியது. நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். காலைக் கட்டிப் பார்த்தார்கள், தோள் ஆடியது. எழுப்பினால் திடுக்கிட்டு இன்னும் மோசமாகத் தலையைத் தூக்கினார். குழலி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவை வெட்டியாகிவிட்டது, இந்தக் காலை என்ன செய்வது?

அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. காதோடு குனிந்து, "ஏங்க, இன்னிக்கி அமாவாசைங்க" என்றாள்.

"அமாவாசையா?"

"ஆமாங்க. தறி மேல கைய வெக்கக்கூடாது. தெருவே சத்தம் இல்லாம கெடக்குது."

பெருமூச்சு விட்டார். கால் நீண்டு நின்றது. அன்று தூங்கும்போது ஆடவில்லை.

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். "தெனம் அமாவாசையா வருது குழலி" என்றார். "வருது, பேசாம கெடங்க" என்றாள். நர்ஸும் விடியற்காலையில் மருந்து கொடுக்கும்போது, "தாத்தா, அமாவாசை" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

கட்டவிழ்க்கிற நாள் வந்தது. டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு, இமையை மெல்லத் திறக்கச் சொன்னார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "இன்னா தெரியுது?" என்று கேட்டார்.

வீரபாகுவின் கை வெள்ளைத் துப்பட்டியின்மேல் ஊர்ந்தது. கீழ்ப்பக்கம், மூக்கோரமாக, நிழல் இருந்த அதே இடத்தில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளின.

போச்சு, எல்லாம் போச்சு என்று குழலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் விரலை மெல்லத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். நூல் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு அவள் பக்கம் நீட்டினார்.

"குழலி, இது இருக்குதா, இல்லையா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் தலையிலிருந்து உதிர்ந்த முடி, நீளமாக, கறுப்பாக, அவர் விரலில் தொங்கியது.

"இருக்குதுங்க" என்றாள். "நெஜமாவே இருக்குதுங்க." அதற்குமேல் பேச முடியாமல் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். டாக்டர் அவளை ஒன்றும் சொல்லாமல், "பெரியவரே, நீங்க அழக்கூடாது, கண்ணு ஈரமாவக்கூடாது" என்று அவரை மட்டும் அதட்டினார்.