ஏரியைப் பார்க்க வந்தவர்களும் என் கிழங்கு வண்டியும்

மூன்று வருடம் இருக்கும், தை மாதக் கடைசி. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். உலக நாடுகள் சேர்ந்து காப்பாற்றும் ஈரநிலங்களில் இதுவும் ஒன்று என்று கரையில் பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஜவ்வரிசி மில். மரவள்ளிக் கிழங்கை, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கை, அரைத்த தண்ணீர் ஓடை வழியாக நேரே ஏரிக்குப் போகும். அந்தப் புளித்த நாற்றம் எங்கள் சோற்றில்கூட ஏறியிருக்கும். ஓடை ஓரத்தில் இருக்கும் என் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானும் அந்த மில்லுக்குத்தான் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லாரியில் வடநாட்டு லைன் ஓட்டுகிறார். காடு, மாடு, டிராக்டர் எல்லாம் என் பொறுப்பு. ஓடையைப் பற்றிப் பேசினால் அடுத்த லோடை இறக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊரே மூக்கோடு சேர்த்து வாயையும் பொத்திக்கொண்டது. நானும்தான்.

அந்தச் சமயத்தில், ஏரியை ஒழுங்காகப் பாதுகாக்கிறார்களா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் ஆள் விட்டுக் கரையில் முள் வெட்டினார்கள். பலகைக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். ஓடை காய வேண்டும் என்று மில்லையும் மூட வைத்தார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அது கிழங்கு பிடுங்கும் காலம். பிடுங்கிய குச்சிக்கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது, உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். மில் மூடுவதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆளாளுக்குப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். மில் கேட்டில் தொடங்கிய டிராக்டர் வரிசை ஏரிக்கரைச் சாலை வரைக்கும் நீண்டது. கடைசி வண்டி என்னுடையது, பச்சைப் பலகைக்குப் பக்கத்தில்.

மறுநாள் காலை ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். குழு வரும் நேரமாம், வண்டிகளையெல்லாம் தென்னந்தோப்புக்குள் ஒதுக்க வேண்டுமாம். முன்னால் நின்றவர்கள் ஸ்டார்ட் செய்தார்கள். நான் ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்தேன். கறுப்பதற்கு முன் வரும் நீலக் கோடு உள்ளே ஓடியிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். நாற்றத்தையும் நாங்கள்தான் தாங்க வேண்டும், அதை மறைப்பதற்கும் எங்கள் கிழங்குதான் அழுக வேண்டுமா? சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கி நின்றேன்.

"எடுக்க மாட்டனுங்க சார்" என்றேன். ஸ்டார்ட் செய்தவர்களும் என்ன ஆகிறது என்று பார்க்க அப்படியே நின்றார்கள்.

மில் மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க அம்மிணி, கொஞ்ச நேரந்தானுங்க. அவங்க போனதும் உங்க லோடத்தான் மொதல்ல எறக்குவேன்" என்றார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு முன் வண்டியில் இருந்த பெரியவர் கெஞ்சினார். "பகைச்சுக்காத சாமி. நாளைக்கும் இங்கதான வரோணும்." அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் சாவி இடுப்பிலேயே இருந்தது.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. பாதிச் சாலையை அடைத்து நின்ற என் வண்டியைப் பார்த்து நின்றன. நரைத்த தலையுடன் ஒரு வெளிநாட்டு அம்மா இறங்கி, இதெல்லாம் என்ன என்று அதிகாரியிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலில் 'ஃபெஸ்டிவல்' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பொங்கல் முடிந்து எத்தனை நாளாயிற்று. அழுகும் கிழங்கைக் காட்டித் திருவிழா என்கிறார் மனுஷன்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த இங்கிலீஷ் துருப்பிடித்துக் கிடந்தது. கிடைத்ததைப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னேன். "மேடம், யூ கம், மில் க்ளோஸ். யூ கோ, மில் ஓப்பன்." சொல்லிவிட்டு ஓடையைக் காட்டினேன், ஏரியைக் காட்டினேன்.

அந்த அம்மா ஓடைக்குள் இறங்கிப் பார்த்தார். காய்ந்த சேற்றின் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. மேலே வந்து மொழிபெயர்க்கத் தன்னுடன் வந்த தமிழ்ப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். மில் ஓடுவதைப் பார்க்காமல் போக மாட்டாராம், அதுவரை காத்திருப்பாராம். சொன்னபடியே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜரும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தவர் என்னிடம் கெஞ்சிய அதே பெரியவர். "அப்பத் தெறந்து உடுங்க. எங்க கெழங்கு அழுகுதில்ல" என்றார். அவர் சொல்லி முடித்ததும் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பிறகு எல்லா வண்டியும் அடித்தன. மேனேஜர் போனில் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மில்லைத் திறந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வெளுத்த தண்ணீர் ஓடையில் இறங்கி ஏரிக்குள் பரவியது. கரையோரம் மேய்ந்த வாத்துகள் எழுந்து நடு ஏரிக்குப் போயின. அந்த அம்மா எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எனக்கு முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் உள்ளே போயின. என் முறை வந்ததும் கேட்டில் சங்கிலி போட்டார்கள். உங்கள் கிழங்கு வேண்டாம் என்று மேனேஜர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். வழியெல்லாம் கோபத்தில் அழுதேன்.

மில்லை மூட வைக்கப் பார்த்தாள் என்று ஊரில் சிலர் என்னிடம் பேச்சை நிறுத்தினார்கள். நன்றாக இருக்கிறது கதை. மூட வைத்தவர்கள் அதிகாரிகள், திறக்க வைத்தவள் நான். அந்த அம்மா எடுத்த போட்டோக்களால்தானோ என்னவோ, அடுத்த வருடம் மில்லுக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டினார்கள். ஓடை தெளிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், சில நாள் இன்னும் நாறத்தான் செய்கிறது. என் கிழங்கு இப்போதும் ஆத்தூருக்குத்தான் போகிறது.

போன தை மாதம் மறுபடியும் குழு வருவதாகப் பேச்சு வந்தது. மில்லை மூடப் போவதாகவும் பேச்சு வந்தது. காலையில் கரைப் பக்கம் போனால், பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவரின் டிராக்டர் குறுக்கே நின்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, மடியில் முடிந்திருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். உலகம் வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே போய்விடும், மிச்ச நாளெல்லாம் இந்த ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதை என் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.