டக்ளஸ் எடுத்த போன்

கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனி, போடி கடைவீதியில் ஆணி விற்கிற கடையின் மாடியில் இருக்கும் பெண்ணைத் தேடி வேலை கொடுப்பது ஏன்? பன்னிரண்டாவது முடித்திருந்த என்னிடம் அப்பா இப்படிக் கேட்டார். அந்த வேலையைப் பார்க்கும் பிரின்சி அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"அங்க ஆளு கிடைக்கிறது கஷ்டம்லே. ஒருத்தருக்குக் குடுக்குற சம்பளத்துல இங்கன நாலு பேரை வச்சுக்கலாம். அப்புறம், அவுகளுக்கு ராத்திரின்னா நமக்குப் பகல். நான் முழிச்சிருந்தா அவுக நிம்மதியாத் தூங்கலாம்ல."

அமெரிக்காவில் மருந்து வைக்கும் குளிர்கிடங்குகளுக்கான சாஃப்ட்வேரை அக்கா பார்த்துக்கொள்கிறார். கிடங்கில் சூடு ஏறினால், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போன் அடிக்கும். முதலில் எடுத்தவர் பெயர் கம்ப்யூட்டர் திரையில் வரும்.

முன்பு அந்த வேலையை அங்கே பார்த்தவர் டக்ளஸ். அவரை நிறுத்துவதற்கு முன், அவரையே அக்காவுக்கு வீடியோவில் வேலை சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். கடைசி நாளில், "பட்டியலிலிருந்து என் நம்பரை எடுத்துவிடு" என்றார். அக்கா எடுக்கவில்லை. கீழே இருக்கும் ஆணிக்கடை அக்கா குடும்பத்தின் கைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், பலகையில் பழைய முதலாளி சங்கரலிங்கத்தின் பெயர்தான் இருக்கிறது. முன்னால் இருந்தவர் பெயரை அழிப்பது எங்கள் கடைவீதியில் மரியாதை இல்லை.

அதன்பிறகு எப்போது போன் அடித்தாலும், அக்கா எடுப்பதற்குள் திரையில் 'டக்ளஸ்' என்று வந்தது. பழைய பெயரை மிஷின் தானாகப் போடுகிறது என்று அக்கா நினைத்திருந்தார். கூட வேலை பார்க்கும் கார்த்திக்ராஜ் ஒருநாள் வந்தபோது அதைக் கவனித்தார்.

"எக்கா, இது தானா வராது. அங்க ஒருத்தர் போனை எடுத்தாத்தான் வரும்."

"அவுகளுக்குத்தான் வேலையே போயிருச்சேப்பா!"

"அப்ப பேயா இருக்கும்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. திரையில் 'டக்ளஸ்'. வெளியே உச்சி வெயில். அங்கே நடு இரவு.

அக்கா முதலில் கம்ப்யூட்டரிலேயே கிடங்கின் சூட்டைச் சரிசெய்தார். பிறகு டக்ளஸின் நம்பருக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தார். டக்ளஸின் மனைவி.

"ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கம்பெனி தன்னை இன்னும் விடவில்லை என்கிறார். வேறு வேலை தேடுவதே இல்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அவருக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் தூக்கமில்லாமல் கேட்டது: "யாரு, கிடங்கிலிருந்தா?"

அக்கா போனை வைத்துவிட்டுக் கார்த்திக்ராஜ் பக்கம் திரும்பினார். "இதையும் எடுத்துட்டா அவுகளுக்கு என்னப்பா மிச்சம்?"

"தூக்கம்" என்றார் கார்த்திக்ராஜ்.

அக்கா அந்த நம்பரை அழித்தார். இப்போது போன் அடித்தால் பிரின்சி என்ற பெயர் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் அக்கா உடனே எடுப்பதில்லை. இன்னொருவர் எடுப்பதற்கு இடம் விடுவதுபோல ஒரு நொடி திரையையே பார்க்கிறார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது தூரதேசக் கம்பெனிக்கு வேலை பார்த்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த வேலையில் முன்பு இருந்தவருக்கு இன்னும் போன் போகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.