மூட்டைக்கு வந்த கண்

கொழும்பு என்பதை இங்கிலீஷில் எழுதினால் மூன்று வட்டம் வரும். பேச்சிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது, வட்டம் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில், தோணி ஏறப்போகும் வத்தல் மூட்டைகளுக்கு ஊர்ப்பெயர் போடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. தகர அச்சைச் சாக்கின்மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் எழுத்து விழும். வட்டம் மட்டும் இரண்டு பிளவாக விழும்; இடைவெளியைத் தூரிகையால் சேர்க்க வேண்டும். தம் இஷ்டத்துக்குக் கையசைக்க அந்த மனிதருக்குக் கிடைத்த இடம் அந்த அரை விரற்கடைதான். பாவம்.

1974 மாசியில் ஒரு மத்தியானம், வட்டத்தைச் சேர்த்த கை சும்மா இருக்காமல் நடுவில் ஒரு புள்ளி வைத்தது. அடுத்த வட்டத்திலும் வைத்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற கோடு மூக்காகிவிட்டது. பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு தாளவில்லை. கலை என்று யாராவது சொல்லியிருந்தால் பயந்து ஓடியிருப்பார். அவருக்கு அது விளையாட்டு. ஒன்றுக்குக் கள்ளப் பார்வை, ஒன்றுக்கு அழுகை, ஒன்றுக்குச் செத்தவன் பார்வை என்று சாயங்காலத்துக்குள் நூறு மூட்டைகளுக்குக் கண் வந்துவிட்டது.

மறுநாள் காலை சுமை தூக்க வந்த செந்தூர்பாண்டியும் ஆட்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே அரையிருட்டு. எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் மூட்டைகள் பார்த்துக்கொண்டேயிருந்தன.

கிளார்க் கிளாட்வின் பாய்ந்து வந்தார். “என்னவே கூத்து இது? எல்லாத்தையும் மையால அடையும். இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதேயும்!”

பேச்சிமுத்து முதல் மூட்டையின் இடது கண்ணை அடைத்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கிட்டங்கிக்குள் அவரை ஏறிட்டுப் பார்த்தவை இந்த மூட்டைகள்தான். அவற்றையே குருடாக்கச் சொல்கிறார்களே என்று அடுத்த கண்ணுக்குப் போகாமல் தூரிகையைப் பிடித்தபடி நின்றார்.

“நிறுத்தும்வே!” செந்தூர்பாண்டி அலறினார். “சாமிக்குத் தொறந்த கண்ண எந்தச் சிற்பியாவது மூடுவானா? பாக்குத மூட்டையக் கும்புட்டுட்டுத் தூக்கிருவோம். குருட்டு மூட்டை கடல்மேல போவக்கூடாது. அந்தக் கண்ணத் தொறக்காம இங்கன ஒண்ணும் நகராது.”

வெளியே கரைக்காற்று எழுந்துவிட்டது. பாய் விரிக்கத் தோணி காத்திருந்தது. கிளாட்வினுக்கு வேர்த்துக் கொட்டியது. குரல் இறங்கியது.

“அண்ணாச்சி, தொறந்து விட்டிருங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் அண்ணாச்சி அது.

“பாப்போம். எனக்கு மனசு வந்தா செய்யுதேன்,” என்றார் பேச்சிமுத்து. சொன்ன பிறகுதான் அது தம் குரல் என்று அவருக்கே உறைத்தது. பயத்துக்குப் பதில் உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது.

நிதானமாகச் சுண்ணாம்பைத் தொட்டு, அடைத்த கறுப்பின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். கிளாட்வின் குனிந்து பார்த்தார். அந்தக் கண் ஒருமுறை இமைத்தது. அவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

பேச்சிமுத்து தூரிகையைத் துடைத்தபடி கேட்டார், “அடுத்த லோடு என்னைக்கு?”