ஸ்டெல்லா டீச்சர் வெட்டிய நகங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா டீச்சரின் மகள் அழைத்தாள். “அம்மா போயிட்டாங்க, ஆன்ட்டி” என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அடுத்த மாதம் சேர்ந்து கிட்டார் வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டு இப்படியா போவது?

மதுக்கரைப் பக்கம் எங்கள் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். அங்கே நூலகராக இருந்த எனக்கு அவருடைய கிட்டாரும் தெரியும். தொண்ணூறுகளில் நாங்கள் சேர்ந்துதான் கிளாசிக்கல் கிட்டார் கற்றோம்.

ஒருமுறை கம்பி வாங்க உக்கடம் போனோம். “ஸ்டீல் கம்பி போடுங்க அம்மணி, சத்தம் கணீர்னு வரும்” என்றார் கடைக்காரர். “வேண்டாமுங்க. இது நைலான் கம்பிக்குன்னு செஞ்சது. ஸ்டீல் போட்டா இழுக்கற இழுப்புல கட்டையே பேந்துக்கும்” என்று டீச்சர் கிளம்பிவிட்டார். நைலானில் சத்தம் குறைவுதானே என்றேன். “கம்மியா வாசிச்சா கிட்ட வந்து கேப்பாங்க” என்றார்.

இந்தக் கிட்டாருக்குக் கம்பியை அழுத்தும் இடது கையில் நகம் கூடாது, மீட்டும் வலது கையில் வேண்டும். அப்போதுதான் ஒலி தெளிவாக எழும். பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் முதல் மேடை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் டீச்சர் பிள்ளைகளின் நகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள்: “ஏனுங்க மிஸ், நீங்க மட்டும் நகம் வெட்டலீங்களா?”

மாலையில் பார்த்தால் வலது கையும் மொட்டை.

“இந்த வாரம் மட்டும் வேற டீச்சரை நகம் பாக்கச் சொல்லியிருக்கலாமுங்களே?” என்றேன்.

“அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுங்க? விரல் சதையிலயே வாசிச்சுக்கலாம், விடுங்க.”

விழாவில் அவர் தனியாக வாசித்தது முதல் வரிசைக்கே எட்டவில்லை. மின்விசிறிகளின் இரைச்சல் அப்படி. பாதியில் நிறுத்தினார். மானம் போயிற்று என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ கணக்கு வகுப்புக் குரலில், “ஃபேனையெல்லாம் நிறுத்திப்போடுங்க” என்றார். மார்ச் மாதப் புழுக்கத்தில் பெற்றோர், பிள்ளைகள் அத்தனை பேரும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டார்கள். நகத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் எழுந்து வந்து மேடையை ஒட்டி நின்றாள்.

அதற்குப் பிறகு டீச்சர் நகம் வளர்க்கவே இல்லை. அந்த மெத்தென்ற ஒலி அவருடையதாகிவிட்டது. பிள்ளைகளின் நகம் பார்க்கும் வேலை இல்லாத நான் மட்டும் வளர்த்துக்கொண்டேன்.

அவருடைய கிட்டார் இப்போது என் வீட்டில் இருக்கிறது. நேற்று மடியில் வைத்து மீட்டினேன். சுருதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரோ வாசிப்பது போலிருந்தது. இத்தனை வருடம் வளர்த்த நகங்களைப் பார்த்தேன். எழுந்து போய் நகவெட்டியை எடுத்து வந்தேன்.