பூச்சூடாத பசுக்கள்

ஷார்ஜா பேரங்காடியில், பாலாடைக்கட்டி விளம்பரத்துக்கு நிறுத்தியிருந்த பொம்மைப் பசுவின் கழுத்துமணி ஒலித்தது. அதன் தலையில் காகிதப் பூக்கள்.

நான் வளர்ந்த சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்தில், கோடை மேய்ச்சல் முடிந்ததும் பசுக்கள் பூச்சூடி, மணி ஒலிக்க இறங்கிவரும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அப்பா அங்கே ஒரு பண்ணையில் மாடு பார்த்தார். அம்மா இறந்த ஆண்டு, அந்தப் பண்ணையின் பசுக்கள் மட்டும் பூவின்றி வந்தன.

“பூ எங்கையப்பா?”

“வீட்டில ஆரும் செத்தால் வைக்கமாட்டினம், பிள்ளை.”

“செத்தது எங்கட அம்மாதானே?”

“ஓம். பண்ணைக்காரர் எங்கட வீட்டையும் தங்கட வீடெண்டு நினைச்சிருக்கினம்.” அப்பா அன்றுதான் அழுதார்.

நேற்று, இங்கே நான் மேற்பார்வை பார்க்கும் கட்டட சைட்டின் கொத்தனார் ஒருவர் தொழிலாளர் கேம்பில் உறக்கத்திலேயே இறந்துபோனார். டியூட்டி வழக்கமான நேரத்துக்கே தொடங்கியது. பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதியவன் நான்தான்.