யார் செய்தது என்று கேட்டேன், காட்டினாள்

வலங்கைமான் மாரியம்மனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன ஐப்பசியில் என் மனைவி செல்விக்கு வலது கை வீங்கியது. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது விரலில் பட்ட சின்ன வெட்டுதான். நாலே நாளில் முழங்கை வரை சீழ். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று மருந்து மாற்றியும் கேட்கவில்லை. கையை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். உடைந்துபோனேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. மருந்து போலி என்று சண்டைக்குப் போனேன். பிறகு பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் கண்திருஷ்டிதான் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஜெர்சி மாடு வந்த நாளிலிருந்து அவர் பார்வை அதன் மடியில்தான். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கேட்காமலே வந்து பால் கறக்கிறாரே, ஏன்?

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கும்பிட்டேன். "ஆத்தா, அவ கையக் காப்பாத்து, பாடைக்காவடி எடுக்கிறோம். இதைச் செஞ்சது யாருன்னும் காட்டிக்கொடு."

மறுநாள் சீழ் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாட்டுக்கு ஊசி போடுவதுண்டா என்று கேட்டார். இவர் எதற்கு என் மாட்டைக் கேட்கிறார் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். மடிவீக்கம் வந்தால் நானே வாங்கிப் போடுவேன் என்றேன்.

"எத்தனை நாள் போடுவீங்க?"

"ரெண்டு நாள். வீக்கம் வத்துனா நிறுத்திடுவேன்."

ஊசி போடுகிற நாளில் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கூடாது. அந்தக் காசு போகுமே என்றுதான் நிறுத்துவேன். அரைகுறை மருந்துக்குத் தப்பித் தப்பிப் பிழைத்த கிருமி பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது, கறக்கிற கையில் காயம் இருந்தால் உள்ளே போய்விடும் என்றார் டாக்டரம்மா. பாலையும் சோதித்தார்கள். செல்வியின் கையில் இருந்த அதே கிருமி மடியிலும் இருந்தது.

செய்தவன் நான்தான். கேட்டதை ஆத்தா காட்டிவிட்டாள்.

கேட்கக்கூடிய மருந்து இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது கேட்டது. கை பிழைத்தது. வெறுங்கையால் கறந்த சரோஜா அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவும் ஆத்தாவின் கருணைதான். இப்போது டாக்டர் சொல்கிற நாள் முழுக்க ஊசி, அந்த நாளெல்லாம் பால் குழிக்கு.

நோயில் பிழைத்தவர்களைப் பிணம்போலப் பாடையில் கிடத்தித் தூக்கிவருவது எங்கள் ஆத்தாவுக்கான நேர்த்திக்கடன். பங்குனியில் செல்வி பாடையில் வந்தாள். நான் தீச்சட்டியோடு முன்னால் நடந்தேன். உங்களுக்கும் துன்பம் வந்தால் ஆத்தாவிடம் கேளுங்கள். பதிலில் உங்கள் பெயரே இருந்தாலும் தாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று வெயிலில் நாக்கு வறண்டது. என் இரண்டு கையிலும் சட்டி. சரோஜா அக்கா சொம்பை என் வாயில் சாய்த்தார். உள்ளே என்ன என்று பார்க்காமல் குடித்தேன்.